தாத்தா இரட்டைமலை சீனிவாசனார்

(பொத்தேரியில் கூடிய நம் சங்கத்தார் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தம் பேரப்பிள்ளைகள் தாத்தா என்றழைக்கும் பேறு வயது முதிர்ந்தார் பலர்க்கும் வாய்ப்பதே. தம் இரத்தக் கலப்பில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒருவரைத் தாத்தா என்றழைப்பதோ அரிதினும் அரிது. நம் செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்து, எண்பத்தாறு ஆண்டு வாழ்ந்து, அப்பெயரைத் தம் குலத்தார் வாயாற் பெற்றவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் ஆவர். அவரைக் குறித்துச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பத்தாம் வகுப்புப் பாடநூலில் அவரைப் பற்றிய பகுதியை யாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதுண்டு. ஆயினும் அச்சில வரிகளில் அவருடைய நெடிய வாழ்வு அடங்குமோ?

முதற்கண் அவர் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'இரட்டைமலை' என்பதைப் பட்டமென்றும் ஊர்ப்பெயரென்றும் கருதுவார் உளர். அது அவர்தம் தந்தையார் பெயர். தந்தை பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கி முன்னே நிறுத்தும் வழக்கமுடைய நமக்கு அப்பெயரை முழுமையும் சுமந்து நடந்த மகனைக் காண வியப்புத் தோன்றுவது இயல்பே.

1859-ஆம் ஆண்டில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இளமையிற் குடும்பம் தஞ்சைக்குப் பெயர்ந்து, பின்னர்க் கோயமுத்தூரை அடைந்தது. அங்கே அவர் பயின்ற கலாசாலையில் ஏறக்குறைய 400 மாணாக்கர். அவருள் பத்துப் பேரொழிய ஏனையோர் யாவரும் பிராமணப் பிள்ளைகள். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் வெளிப்பட்டால் இழிவு நேருமென்று அஞ்சிய அச்சிறுவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஒதுங்கி வாசித்துக்கொண்டிருந்து, மணியடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். பிற பிள்ளைகளோடு விளையாடவும் துணிந்திலர். இதனைத் தம் முதுமையில் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் நூலில் அவரே கூறுகின்றார்.

அன்பர்களே, இவ்விடத்தில் யாம் சற்றே தாமதிக்க விரும்புகின்றோம். எம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். எந்தத் தெருவென்று எவர் கேட்பினும் ஏரிக்கு அப்பாலுள்ள வேறொரு தெருவின் பெயரைச் சொல்வான். அவன் சொல்வது பொய்யென்று எமக்குத் தெரியும்; எமக்குத் தெரியுமென்று அவனுக்கும் தெரியும். ஒருநாள் கோயமுத்தூர்க் கலாசாலையின் இச்செய்தியை வகுப்பிற் சொன்னோம். அவன் தலைநிமிராமல், "அப்புறம் அவர் எப்போது ஐயா உள்ளே போனார்?" என்று கேட்டான். மணியடித்த பின்பு என்று விடையிறுத்தோம். அவன் கேட்டது அதுவன்று என்பது எமக்கு விளங்காமலில்லை.

அவன் கேட்டதற்குரிய விடை 1893-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இருக்கின்றது. நீலகிரியில் ஐரோப்பியர் வர்த்தக நிலையமொன்றிற் கணக்கராயிருந்து, 1890-இற் சென்னைக்கு வந்த சீனிவாசனார், தம் முப்பத்துநான்காம் வயதில் ஒரு பத்திரிகை தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா, பெயர் 'பறையன்'. எந்தப் பெயர் வெளிப்படுமென்று பள்ளி வாயிலில் நடுங்கி நின்றாரோ அந்தப் பெயரையே கொட்டை எழுத்தில் அச்சிட்டுத் தெருவில் விற்றார். தன் குலப்பெயரைச் சொல்லிக்கொண்டு முன்வந்தாலன்றி ஒருவன் தன் உரிமையைப் பெறவியலாது என்பது அவர் துணிபு. முதலிதழில் ஏறக்குறைய 400 பிரதிகள் இரண்டே நாளிற் செலவாயின. அப்பத்திரிகை 1900 வரை நடைபெற்றது.

அப்பெயர் குறித்து அவர் குடும்பத்துள்ளேயே மாறுபாடு இருந்தது. பண்டிதர் அயோத்திதாசர் சீனிவாசனாரின் தமக்கையாரோ தங்கையாரோ எனப் பிறர் ஐயுறாவண்ணம் உடன்பிறந்தாராகிய தனலட்சுமி அம்மையாரை மணந்தவர். ஆகவே நெருங்கிய மைத்துனர். பண்டிதரோ அப்பெயர் பிறர் நம்மீது சுமத்தியதென்று அதனை மறுத்துப் பௌத்த நெறியையும் பூர்வத் தமிழர் என்னும் பெயரையும் போற்றினார். ஒருவர் பெயரைக் களைந்து மானங் காக்க முயன்றார். மற்றவர் அதனைத் தாங்கியே மானங் காக்க முயன்றார். இருவருள் எவர் செய்தது சரியென்று இன்றும் நம் திண்ணைகளில் வழக்கு ஓய்ந்தபாடில்லை. எம் கருத்து யாதெனில், பள்ளி வாயிலில் அஞ்சி நின்ற அனுபவமுடையார்க்குத் தாத்தாவின் வழியே முதலில் விளங்கும். பண்டிதர் வழி பின்னர் விளங்கும். இதனை ஒப்பாதார் இச்சபையிலேயே இருப்பர், இருக்கட்டும்.

நிற்க. அதே 1893-ஆம் ஆண்டு டிசம்பரில், சிவில் சர்வீஸ் பரீட்சையை இங்கிலாந்தில் நடத்துவதோடு ஏககாலத்தில் இந்தியாவிலும் நடத்தவேண்டுமென்று காங்கிரஸ் மகாசபையார் கேட்டபோது, சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்திற் கூட்டங்கூட்டி அவர் அதனை எதிர்த்தார். கல்வி வாய்ப்பு எல்லார்க்கும் எய்தாத நிலையில் அப்பரீட்சை உயர்சாதியார் கையில் அதிகாரத்தை ஒப்படைப்பதாகவே முடியுமென்பது அவர் வாதம். 3,412 பேர் கையொப்பமிட்ட அம்மனுவின் நீளம் 112 அடி. கையெழுத்திடக் கற்றவர் விரல்விட்டு எண்ணத்தக்க அக்காலத்தில் இத்துணைப் பெயர்களைத் திரட்ட எத்தனை சேரிகளின் புழுதி அவர் காலிற் படிந்திருக்கவேண்டும்!

1900-இல் இலண்டன் சென்று முறையிடும் நோக்கத்தோடு கப்பலேறியவர் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராய் இருந்தபோது, வழக்கறிஞரான காந்தியடிகளுக்குத் தமிழிற் கையொப்பமிடக் கற்பித்தவர் இவரே என்று வரலாறு எழுதினோர் குறிப்பர். 1914-இல் மைத்துனர் அயோத்திதாசர் காலமானபோதும் இவர் கடலுக்கு அப்பாலேயே இருந்தார்.

தாய்நாடு திரும்பியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. எம் போன்ற உத்தியோகஸ்தர் அறுபதிற் சால்வை போர்த்திக்கொண்டு வீடு செல்வோம். தாத்தாவோ அவ்வயதிலேதான் புதிதாய்த் தொடங்கினார். 1923-இற் சென்னைச் சட்டசபை அங்கத்தினராக நியமிக்கப்பெற்று, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டார் தடையின்றிப் பயன்படுத்தலாமென்னும் தீர்மானத்தை 1924-இற் கொண்டுவந்து நிறைவேற்றினார். அடுத்த ஆண்டில் அஃது அரசாங்க கெஜட்டில் வெளியாயிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியற்சட்டத்தின் 15-ஆம் பிரிவில் கிணறு, குளம், சாலை என்று வரிசையாய் வரும் சொற்களை வாசிக்குந்தோறும் எமக்கு அத்தீர்மானமே நினைவுக்கு வருகின்றது.

எழுபது வயது கடந்த பின்னர் 1930-இலும் 1931-இலும் அம்பேத்கர் அவர்களோடு இலண்டன் வட்டமேஜை மகாநாட்டில் அமர்ந்தார். 1932 செப்டம்பரிற் பூனா ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார். தமிழிற் கையெழுத்திடத் தாம் கற்பித்தார் எனப்படுபவர் எரவாடா சிறையில் உண்ணாநோன்பிருக்க, அவருயிர் காக்கத் தம் குலத்தார் கேட்டுப் பெற்ற தனித்தொகுதியைக் கைவிட்டுத் தாம் கையெழுத்திட நேர்ந்த விதியை என்னென்பது! தனித்தொகுதி 71 போய், பொதுத்தொகுதியுள் ஒதுக்கிய இடங்கள் 148 ஆயின. எண் பெருகியது, தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை சுருங்கியது.

அம்பேத்கரைப் பெரிதும் மதித்தவராயினும், 1935-இல் அவர் மதமாற்றம் பேசியபோது தாத்தா உடன்படவில்லை. நாம் வருணத்துக்குப் புறம்பானவர். புகாத வீட்டினின்றும் வெளியேறுவது எங்ஙனம் என்பது அவர் நியாயம்.

1939-இல், எண்பதாம் வயதில், தம் வரலாற்றைச் சிறு நூலாக அச்சிட்டார். அதிற் சபைகளும் மனுக்களும் நிரம்பியிருக்கின்றன; மனைவியார் அரங்கநாயகி அம்மையாரைப் பற்றியும் மக்களைப் பற்றியும் நாம் அறிய விரும்புவதெல்லாம் இல்லை. பெரியோர் பலர் இவ்வாறே வீட்டை எழுதாமல் விட்டுப்போயினர். நம் வீடுகளிலும் முதியோர் சொல்லும் செய்திகள் எழுதுவாரின்றிக் கிடக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தனுப்பினால் நம் பத்திரிகையில் மாதம் இரண்டு பக்கம் ஒதுக்கப் பத்திராசிரியர் இசைந்திருக்கின்றார்.

1945 செப்டம்பர் 18-ஆம் நாள் தாத்தா காலமானார். 2000-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. கோழியாளம் நமக்குத் தொலைவன்று. இங்கிருந்து செங்கற்பட்டில் வண்டி மாறிப் பாலாற்றைக் கடந்தால் மதுராந்தகம். வரும் விடுமுறையில் பிள்ளைகளை அவ்வூருக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கின்றோம். உடன்வர விரும்புவோர் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். வேறு தெருவின் பெயரைச் சொன்ன அம்மாணவன் நேற்றே கொடுத்துவிட்டான்.