சட்டம் இருக்கு, பணம் எங்கே?

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். சம்பளத்தையும் பாலத்தையும் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் குடியிருக்கும் கலிபோர்னியா மாநிலம், மனநோய் வைத்தியத்துக்குப் பணம் தேடிப் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நான் வணிகவியல் மாணவன். எனக்குத் தெரிந்த பாஷை கணக்குதான்.

1967-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. லாண்டர்மன், பெட்ரிஸ், ஷார்ட் என்ற மூன்று சட்டமன்ற உறுப்பினர்களின் பெயரால் வழங்குவது. கவர்னர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார். ஒருவரை அவர் விருப்பமில்லாமல் காலவரையின்றி மனநல ஆஸ்பத்திரியில் அடைக்கக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஏற்கெனவே குறைந்து வந்த பெரிய ஆஸ்பத்திரிகள் மேலும் காலியாயின. ஆனால் ஊருக்குள்ளேயே வைத்தியம் தர வேண்டிய பணம், வெளியே வந்தவர்கள் பின்னால் போதிய அளவு வரவில்லை. பலர் நடைபாதைக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கதவைத் திறந்துவிட்டா மட்டும் போதுமா? போக ஒரு இடம் வேண்டாமா?

2004 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு வழி செய்தார்கள். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 1 சதவீதம் கூடுதல் வரி. 12 லட்சம் சம்பாதிப்பவர் மேலே உள்ள 2 லட்சத்துக்கு 2,000 டாலர் கட்டுவார். அந்தப் பணம் மனநல சேவைக்கே. ஏறக்குறைய 54 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

இதிலும் ஒரு சிக்கல். பணக்காரர் வருமானம் பங்குச் சந்தையோடு ஏறி இறங்குவது. சந்தை விழுந்தா வசூலும் விழும், நோய் விழுமா? வேலை போகும் காலத்தில்தானே மனசும் உடைகிறது!

2024 மார்ச்சில் மறுபடி ஓட்டு. சிகிச்சை இடங்களும் வீடுகளும் கட்ட 638 கோடி டாலருக்குக் கடன் பத்திரம். போதைப் பழக்கச் சிகிச்சையும் பழைய வரிப் பணத்துக்குள் வந்தது. மாவட்ட நிர்வாகங்கள் தங்கள் பங்கில் 30 சதவீதத்தை வீட்டு வசதிக்கு ஒதுக்க வேண்டும் என்றும் முடிவானது. தெருவில் படுப்பவனுக்கு மாத்திரை மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம் என்றது ஒரு தரப்பு. வரி கூடவில்லையே, வீட்டுக்கு எடுத்தால் நடக்கிற சேவையில்தானே கை வைப்பீர்கள் என்றது மறு தரப்பு. ரெண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. 50.2 சதவீதத்தில், மயிரிழையில் வென்றது.

இனி நம் வீட்டுக் கணக்கு. நமது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அரசு நடத்தும், அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அதன் 18-வது பிரிவு. போதிய நிதிக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எவ்வளவு என்று சொல்லவில்லை! தனி வரியும் கிடையாது. ஆண்டுதோறும் பட்ஜெட்டை நம்பித்தான் அந்த உரிமை நிற்கிறது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்ஜெட் வெளியாகும்போது மனநலத்துக்கு என்ன ஒதுக்கினார்கள், அதில் எவ்வளவு செலவானது என்று பாருங்கள். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். கேட்காத கணக்கு தானாக நேராகாது. விடுதி அறையில் ஒரு நண்பன் சாப்பிடாமல், பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தால், "சும்மா நடிக்கிறான்" என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற இலவச எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. தமிழிலேயே பேசலாம்.