பொழுது பிழைத்தால் சொல் பிழைக்குமோ?

(பத்தமடையில் ஆற்றிய உரை)



தொல்காப்பியர் முதற்பொருளாக வைத்தவை இரண்டே: நிலம், பொழுது. மாவும் மரமும் புள்ளும் தொழிலும் பின்வரும் கருப்பொருள்கள். இது பாட்டுக்கு மட்டும் உரியதென்று வகுப்பறையில் ஒப்பித்துவிடுவது தமிழாசிரியர் வழக்கம். மொழிக்கும் அதுவே முறை. பொழுது திரிந்தால் கரு திரியும். கரு திரிந்தால் அதைச் சுட்டும் சொல் வேலையற்றுப் போகும்.

பொருநைக் கரைக் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடுநீரில் ஊறவைத்து, நுண்ணிழையாய்க் கிழித்து, பட்டுப்போல் மடியும் பாயை நெய்பவர் இவ்வூர் இசுலாமியத் தமிழ் மகளிர். மணமக்கள் பெயரையே பாயில் நெய்து தருவர். கோரையின் பருவத்துக்கும் ஊறலின் பதத்துக்கும் தறியின் உறுப்புக்கும் அவர்கள் நாவில் சொல் உண்டு. அவை அகரமுதலியில் ஏறினவா என்று பார்த்தவர் யார்? நெகிழிப்பாய் ஒருபுறம் நெருக்குகிறது. மறுபுறம் மழை முறை தவறுகிறது. 2023-இல் மார்கழி பிறந்த கையோடு காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, பொருநை கரைபுரண்டது. ஒரு வெள்ளத்தை மட்டும் காட்டி எல்லாவற்றையும் வெப்பத்தின்மேல் ஏற்றுவது அறிவியலன்று. ஆயினும் காற்றுச் சூடேறச் சூடேற மிகுந்த நீராவியைத் தாங்கும். பெருமழை மேலும் பெரிதாகும்.

ஆற்றின் தலைப்பில், பாவநாசத்துக்கு மேலுள்ள பொதிகைக் காட்டில் காணிக்காரர் வாழ்கின்றனர். அவர்கள் பேச்சுக்குத் தனி எழுத்தில்லை. தேனெடுக்கும் காலமும் மழைக்குறியும் வாய்வழி வருவன. பூ காலம் தப்பிப் பூத்தால் தேன் பொய்க்கும். தேன் பொய்த்தால் இளைஞன் மலையிறங்கிக் கூலிக்குப் போவான். கீழே அவன் பேச்சைக் கொச்சையென்று திருத்துபவன் ஆங்கிலேயன் அல்லன், வடவனும் அல்லன், தமிழாசிரியனே. இதை மறைப்பதற்கில்லை.

மலைக்கு நேர்வதே தீவுக்கும் நேர்கிறது. கடல் உயர்வால் நிலமே பறிபோகும் நிலையிலுள்ள துவாலு நாட்டார் ஏறத்தாழப் பதினோராயிரவர். 2023-இல் ஆத்திரேலியாவோடு செய்த உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்குக் குடியேறலாம். உடல் பிழைக்க வழி பிறந்தது. சிதறிய குடிகளின் நாவில் மொழி எத்தனை தலைமுறை நிற்கும்?

பாவாணர் நூல்வழக்கோடு உலகவழக்கையும் சொற்செல்வமாகக் கொண்டார். அவரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கிற்று. அயற்சொல் களைவதிற் காட்டும் ஊக்கத்திற் பாதியேனும் அழியும் தன்சொல்லைத் தொகுப்பதிற் காட்டல் வேண்டும். பாய்நெய்யும் வீடுகளுக்குக் குறிப்பேட்டோடு செல்க. கேட்டவாறே எழுதுக, திருத்தற்க. சொன்னவர் பெயரும் நாளும் உடனிருக்கட்டும். காணிக்காரர் பேச்சை அவர்கள் பிள்ளைகளே, பெரியோர் ஒப்புதலோடு எழுதட்டும். அவ்வேட்டின் முதற்படி அவர்கள் குடியிருப்பிலேயே இருக்கவேண்டும்.