பதிவேட்டில் இல்லாத சொல்



மொழியியல் பயின்ற ஒருவன் நாடாளுமன்றத்தையும் அரசு வழக்குத்தொடர்வுத் துறையையும் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தமிழில் ‘வழக்கு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இலக்கணம் பேசுவது ஒன்று. நீதிமன்றத்தில் தொடுக்கப்படுவது மற்றொன்று. முதல் வழக்கை ஆராய்வதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. இரண்டாவதன்பால் என் கருத்தை ஈர்த்தது ஒரு சிறு நிகழ்ச்சி.

பல்லாண்டுகளுக்கு முன் வழக்கறிஞர் ஒருவர் ஒரு கட்டுத் தாளுடன் என் வீட்டிற்கு வந்தார். ஒரு கைப்பேசியிலிருந்து எடுத்த குறுஞ்செய்திகளின் அச்சுப்படி அது. பேச்சுத் தமிழ், ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. புலனாய்வாளர்கள் அளித்த பட்டியலில் அக்கட்டிற்கு எதிரே ஒரே வரி: தமிழ்ச் செய்திகள், தொடர்பில்லாதவை. இரண்டு இரவுகள் இருந்து படித்தேன். பெரும்பாலானவை இரவு உணவையும் பேருந்தையும் பற்றியவை. நான்கு செய்திகள் மட்டும், குற்றஞ்சாட்டப்பட்டவர் அன்று மாலை எங்கிருந்தார் என்பதைப் பற்றிப் பேசின. அவை அவருக்குத் துணைசெய்யுமா என்று முடிவு செய்வது என் வேலையன்று. ஆயினும் ‘தொடர்பில்லாதவை’ என்று எழுதியவர் அவற்றைப் படித்திருக்க முடியாது என்பது எனக்கு விளங்கியது. படித்தவர் யார் என்பதற்கு அப்பட்டியலில் இடமே இல்லை.

அன்று முதல் ஒரு வினா என்னை விட்டு அகலவில்லை. வழக்குத் தொடர்வோர் எழுதி வைக்கும் பதிவுகளை யார் படித்துப் பார்க்கிறார்கள்? அவ்வினாவை ஒரு நாடாளுமன்றம் கேட்ட வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

இங்கிலாந்தில் நடந்தது

இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய அரசு வழக்குத்தொடர்வுத் துறை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1986இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் காவல் துறையே பெரும்பாலும் புலனாய்வையும் வழக்குத் தொடர்வையும் சேர்த்துச் செய்து வந்தது. புலனாய்ந்தவரே வழக்கையும் தொடர்ந்தால், தம் உழைப்பைத் தாமே எடைபோடும் நிலை ஏற்படும். அதனைத் தவிர்க்கவே தனித்துறை அமைந்தது. எந்த அடிப்படையில் வழக்குத் தொடர்வது என்பதை விளக்கும் நெறிமுறைத் தொகுப்பை அதன் இயக்குநர் வெளியிட வேண்டும் என்றும், ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தின்முன் வைக்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டமே விதித்தது.

புலனாய்வில் திரட்டியவை அனைத்தும் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டப்படுவதில்லை. காட்டப்படாமல் எஞ்சியவற்றைப் ‘பயன்படுத்தாச் சான்றுகள்’ என்று இங்குக் குறிப்பிடுகிறேன். அவற்றுள் அரசுத் தரப்பை வலுவிழக்கச் செய்வதோ எதிர்த்தரப்புக்குத் துணைசெய்வதோ இருப்பின் அதனை எதிர்த்தரப்புக்கு வெளிப்படுத்த வேண்டும். இக்கடமையை 1996ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது.

அச்சட்டத்தின் சொல்லமைப்பு நம் கவனத்திற்குரியது. எதை வெளிப்படுத்துவது என்பதை, வழக்குத் தொடர்பவருடைய ‘கருத்தில்’ அது அரசுத் தரப்பை வலுவிழக்கச் செய்யக்கூடுமா என்பதைக் கொண்டு முடிவு செய்யுமாறு முதலில் எழுதியிருந்தார்கள். 2003இல் நிறைவேறிய திருத்தம் அக்‘கருத்தை’ நீக்கிவிட்டு, அவ்வாறு ‘நியாயமாகக் கருதத்தக்கதா’ என்று கேட்டது. முதல் வாசகத்தில் அளவுகோல் ஒருவருடைய மனத்தில் இருந்தது. பின்னதில் அது பலரும் எடுத்துப் பார்க்கும் இடத்திற்கு வந்தது. ஒரு சொல் நீங்கியதால் ஓர் அதிகாரத்தின் எல்லை மாறியது.

சட்டம் திருந்தியது, பழக்கம் திருந்தவில்லை. 2017 ஜூலையில் வழக்குத்தொடர்வுத் துறையையும் காவல் துறையையும் கண்காணிக்கும் ஆய்வகங்கள் இரண்டும் இணைந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பயன்படுத்தாச் சான்றுகளைப் பற்றிய காவல் துறைப் பட்டியல்கள் வழக்கமாகவே தரங்குறைந்துள்ளன என்றும், வழக்குத் தொடர்வோர் அவற்றைக் கேள்வி கேட்பதில்லை என்றும் அது கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் லண்டனின் குரோய்டன் நீதிமன்றத்தில், பாலியல் வன்கொடுமைக் குற்றஞ்சாட்டப்பட்ட மாணவர் ஒருவர் மீதான விசாரணை நடுவிலேயே நின்றது. புகார் அளித்தவரின் கைப்பேசியிலிருந்து எடுக்கப்பட்ட ஏறத்தாழ 40,000 செய்திகள் காவல் துறையிடம் இருந்தன. அவை எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கைக்கு விசாரணை தொடங்கிய பின்னரே வந்தன. அவற்றைப் படித்த பின் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. அம்மாணவர் ஏறத்தாழ ஈராண்டுகளை அப்பழியின் நிழலில் கழித்திருந்தார்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இத்தகைய தவறு குற்றஞ்சாட்டப்பட்டவரை மட்டும் வருத்துவதன்று. உண்மையாகவே கொடுமைக்கு உள்ளானவரின் வழக்கும் இதே குறையால் வீழக்கூடும். அவருக்கு மறுமுறை நீதி கேட்கும் வாய்ப்பும் அரிது.

தெரிவுக்குழு கேட்ட வினா

அதன்பின் துறை, நடப்பில் இருந்த பாலியல் வன்கொடுமை, கடும் பாலியல் தாக்குதல் வழக்குகள் 3,637இன் கோப்புகளை மீள்ஆய்வு செய்தது. அவற்றுள் 47 வழக்குகள், சான்று வெளிப்படுத்துவதில் இருந்த குறைபாடுகள் பற்றிய ஐயத்துடன் நிறுத்தப்பட்டன. பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையின் நீதித் தெரிவுக்குழுவும் தனியே விசாரணை மேற்கொண்டு 2018 ஜூலையில் அறிக்கை அளித்தது.

அவ்வறிக்கையில் என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. சான்று வெளிப்படுத்துவதில் நேர்ந்த தவறுகளோடு நிறுத்தப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கையை, துறையின் சொந்தத் தரவுகள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைத்துக் காட்டியிருக்கக்கூடும் என்று குழு கூறியது. அதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நூறு தவறுகள் நேர்ந்திருந்தால் பத்து மட்டுமே ஏட்டில் ஏறியிருக்கும்.

இதற்குப் பொய்க்கணக்கு எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வழக்கு பல காரணங்களால் வீழலாம். ‘போதிய சான்று இல்லை’ என்று ஒருவர் பதிவு செய்கிறார். அது உண்மைதான். ஆனால் சான்று போதாது என்பது எப்போது தெரிந்தது? நெடுநாள் மறைந்திருந்த ஓர் ஆவணம் கடைசி நேரத்தில் வெளிப்பட்டதால் தெரிந்ததா? ஒரே காரணத்தைக் கேட்கும் படிவத்தில் இரண்டாவது செய்திக்குக் கட்டமே இராது. உண்மையான ஒரு சொல், மற்றோர் உண்மையை மூடிவிடுகிறது.

நாடாளுமன்றத்தின் மேற்பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. இன்னார்மீது வழக்குத் தொடர், இன்னாரை விட்டுவிடு என்று உறுப்பினர்கள் கூறத் தொடங்கினால் நீதி கட்சி அரசியலின் கைப்பொருளாகிவிடும். ஆகவே தனிவழக்கின் முடிவில் அவர்கள் தலையிடலாகாது. அவர்கள் கேட்கத்தக்கவை வேறு: எந்த நெறிப்படி முடிவெடுக்கிறீர்கள்? அந்நெறி கடைப்பிடிக்கப்பட்டதை எவ்வாறு அறிகிறீர்கள்? தவறினால் அது எங்கே பதிவாகிறது? இவ்வினாக்களுக்கு விடை பதிவேட்டில்தான் இருக்க முடியும். பதிவேடு ஊமையாக இருந்தால், அமைச்சர் எவ்வளவு நேர்மையாளராயினும், உறுப்பினர் எவ்வளவு கூர்மையாகக் கேட்பினும், அவையில் பேசப்படுவது வெறும் நம்பிக்கையாகவே எஞ்சும்.

அடிப்படைச் சட்டத்தை மாற்றுவதைவிடப் பணிப்பண்பாடு மாறுவதையே குழு வலியுறுத்தியது. சான்றை வெளிப்படுத்துவது அலுவலகச் சில்லறை வேலை என்ற எண்ணம் அகன்று, நீதியின் நடுநாயகமான கடமை என்ற எண்ணம் வேரூன்ற வேண்டும் என்பது அதன் முடிவு.

நம் மண்ணில்

சிங்கப்பூர், மலேசியா ஆகிய இரு நாடுகளின் குற்றவியல் நடைமுறையும் அதே பொதுச்சட்ட மரபிலிருந்து கிளைத்தது. சிங்கப்பூரில் தலைமைச் சட்ட அதிகாரிக்கும், மலேசியாவில் சட்டத்துறைத் தலைவருக்கும் வழக்குத் தொடரும் விருப்புரிமையை அரசமைப்புச் சட்டங்களே வழங்கியுள்ளன. மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2006ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 51ஏ பிரிவு, எதிர்த்தரப்புக்குச் சாதகமான உண்மைகளை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காதர் வழக்கில், எதிர்த்தரப்புக்கு உதவக்கூடிய பயன்படுத்தாச் சான்றுகளை வெளிப்படுத்தும் கடமை அரசுத் தரப்புக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில், வீட்டினுள் நுழைந்தவர் ஒருவரே என்று கூறிய வாக்குமூலம் காலந்தாழ்த்தியே எதிர்த்தரப்பை அடைந்திருந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரு சகோதரர்களுள் ஒருவர் அக்குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ஓர் எண்ணுப்பெயர் ஓர் உயிரைத் தாங்கி நின்றது.

மொழியறிந்தோர் செய்யத்தக்கவை

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுள் சிலர் நாளை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவோ வழக்கறிஞராகவோ காவல் அதிகாரியாகவோ வருவீர்கள். உங்களுக்கு மூன்று செய்திகள்.

முதலாவது, ‘இல்லை’ என்பதையும் ‘காணப்படவில்லை’ என்பதையும் வேறுபடுத்துங்கள். முன்னது உலகைப் பற்றிய கூற்று. பின்னது தேடலைப் பற்றிய கூற்று. தேடியவர் எழுதத்தக்கது பின்னதே. அதனோடு எங்கே, எந்தச் சொற்களைக் கொண்டு தேடினார் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பிறிதொருவர் அதனைச் சரிபார்க்க முடியும்.

இரண்டாவது, செயப்பாட்டு வினையிடம் விழிப்பாக இருங்கள். ‘பரிசீலிக்கப்பட்டது’ என்னும் சொல்லில் பரிசீலித்தவர் மறைந்துவிடுகிறார். இலக்கணத்தில் அது குற்றமன்று. பதிவேட்டில் எழுவாய் இல்லையேல் பொறுப்பேற்பவரும் இல்லை.

மூன்றாவது, படிக்கத் தெரியாத மொழியில் உள்ளதைத் ‘தொடர்பில்லாதது’ என்று எழுத எவருக்கும் உரிமையில்லை. ‘தமிழில் உள்ளது; இன்னும் படிக்கப்படவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. அவ்வரியைக் காணும் வழக்குத் தொடர்பவர் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுவார். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாட்டில் அத்தகையவரைக் கண்டுபிடிப்பது அரிதன்று.

என்னிடம் வந்த அந்தக் கட்டுத் தாள்களுக்கு நான் எழுதிக் கொடுத்த மொழிபெயர்ப்பு பதினொரு பக்கம். அவ்வழக்கு பின்னர் எவ்வாறு முடிந்தது என்று நான் கேட்கவுமில்லை, வழக்கறிஞர் கூறவுமில்லை. ஆனால் முதல் பக்கத்தின் மேலே என் பெயரையும், படித்த நாளையும், படித்த செய்திகளின் எண்ணிக்கையையும், எனக்குப் பொருள் விளங்காத இரண்டு செய்திகளின் வரிசை எண்களையும் எழுதியிருந்தேன். அதைப் பார்த்த அவர், “ஐயா, இதுவரை யாரும் இப்படி எழுதித் தந்ததில்லை” என்றார். அதனைப் பாராட்டாக என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை, வருத்தமே மிஞ்சியது.

உங்கள் தலைமுறையில் அது வழக்கமாகட்டும்.