நெல்லுச்சோறும் நம் உடம்பும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பின்கட்டிலிருந்து சொதி வாசம் வந்துகொண்டே இருக்கிறது. "அண்ணாச்சி, இருபது நிமிசந்தான், இலை போட்டுருவாங்க" என்று செயலாளர் காதோடு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

நான் 1974-இல் இங்கே புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். பிறகு பி.எஸ்ஸி. விலங்கியல். ஆக மொத்தம் நான்கு வருடம் விடுதி வாசம். அதன்பின் மருத்துவம் படித்து, அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்று டாக்டராக அல்ல, விடுதியில் அடுத்த பாயில் படுத்திருந்த ஒரு நண்பனின் கதையைச் சொல்லவே வந்திருக்கிறேன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் செட்டுக்காரர்களுக்கு யாரென்று தெரியும்.

அதற்கு முன்னால் என் வீட்டு அடுக்களையைப் பற்றி ஒரு வார்த்தை. என் அப்பா பிறந்தது சேரன்மகாதேவிப் பக்கம், ஆற்றுப் பாசன ஊர். அம்மா பிறந்தது சங்கரன்கோவில் பக்கம், வானம் பார்த்த கரிசல் காடு. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அந்தத் தண்ணீர் பாய்கிற இடமெல்லாம் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். வாய்க்கால் எட்டாத ஊர்களில் கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, எள். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு சாப்பாடு.

அம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஆச்சி தெருவெல்லாம் சொன்னாளாம்: "எம் மகளை நெல்லுச்சோறு திங்கிற வீட்டுக்குக் குடுத்துருக்கேன்" என்று. கரிசல் காட்டில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும், அல்லது விருந்தாளி வந்தால். மற்ற நாளெல்லாம் கம்மங்கஞ்சி, சோளச்சோறு. ஆகவே அரிசியை வெறும் தானியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு கௌரவம், ஒரு கனவு. இதை மறந்துவிட்டு "அந்தக் காலத்துச் சாப்பாடு அமிர்தம்" என்று பேசினால், கஞ்சிக்கும் வழியில்லாமல் கிடந்தவர்களை அவமதித்ததாகும். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு என்ற திட்டத்தைப் பெருந்தலைவர் காமராஜர் 1956-இல் தொடங்கிவைத்தது எங்கே? அன்றைக்கு நம் மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில். பிள்ளைகள் பசியோடு படித்த மண் இது.

என் நண்பனும் கரிசல் காட்டுக்காரன்தான். விடுதிக்கு வந்த முதல் நாள் மத்தியானம், தட்டில் மல்லிகைப்பூ மாதிரி சோற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "ஏல, இது தெனமும் உண்டுமால?" உண்டு என்றேன். அன்றைக்கு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். நாங்கள் சிரித்தோம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சோறு எப்படி அவ்வளவு வெள்ளையானது? எங்கள் ஊரில் ஆச்சிமார் உரலில் குத்தி எடுக்கிற அரிசியில் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும், நிறமும் கொஞ்சம் மங்கல். மில் வந்தது, தவிடும் முளையும் போய், பளபளவென்று அரிசி வந்தது. கூடவே நார்ச்சத்தும், மக்னீசியம் போன்ற தாதுக்களும், பி வைட்டமின்களும் போயின. இது உலகம் பார்த்த பாடம். 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோயால் கால் துவண்டு விழுவதையும், தவிட்டோடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலேயே மக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ் அரிசிச் சாப்பாட்டு எலிகள் கடைசி வரிசையில் நின்றன. அவர் நடத்திய ஆய்வுக்கூடம்தான் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

நம் முன்னோர் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். நெல்லை ஊறவைத்து அவித்துப் புழுங்கலாக்கினார்கள். அப்படிச் செய்தால் தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி ஆட்டிவைத்த காலத்தில் புழுங்கல் அரிசி தின்ற நம்மை அது அவ்வளவாகத் தொடவில்லை. ஆனால் புழுங்கல் வைட்டமினைக் காப்பாற்றுமே தவிர, போன நார்ச்சத்தைத் திருப்பிக் கொண்டுவராது. அது சர்க்கரை வியாதிக்குக் கவசம் ஆகாது.

அடுத்து வந்தது பசுமைப் புரட்சி. 1937-இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.எஸ்.டி. 16 போன்ற ரகங்கள் விளைச்சலைக் கூட்டின. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. இதை நான் குறை சொல்லவில்லை. பட்டினியை ஒழித்தது இந்த அரிசிதான். ஆனால் அரிசி மலிவானதும் பருப்பும் காயும் கீரையும் தட்டின் ஓரத்துக்குப் போய்விட்டன. ஆச்சி ஆசைப்பட்ட நெல்லுச்சோறு மூன்று வேளையும் வந்தது: காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. நடுவில் பரோட்டா வேறு. வயலில் நாற்று நட்டு, தண்ணீர் சுமந்து, நாலு மைல் நடந்த உடம்பு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தின்பது அதே, செலவழிப்பது இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். 21 நாடுகளில் 1,32,000-க்கும் அதிகமானவர்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வந்த ஓர் ஆய்வு, வெள்ளைச் சோறு அதிகமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வியாதி வரும் வாய்ப்பு கூடுதல் என்றது. அந்தத் தொடர்பு மிக வலுவாக இருந்தது நம் தெற்காசியாவில்தான்.

"நான் ஒல்லிதானே டாக்டர்?" என்று கேட்பீர்கள். என் நண்பனும் ஒல்லிதான். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையே மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் உயர எடைக் குறியீடு ஒன்றுதான். ஆனால் நம்மவர் உடம்பில் கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல். ஆசியர்களுக்கு எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் சொல்லிற்று. கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் பானை. நம் ஊர்த் தெருவில் நின்றால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

நண்பன் கதைக்கு வருகிறேன். ஓர் அலுவலகத்தில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. என்னிடமே சொல்லவில்லை. "டாக்டர்ட்ட சொன்னா சோத்த நிப்பாட்டிருவான்" என்று மனைவியிடம் சொன்னானாம். யாரோ சொன்னார்கள் என்று சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காப்பி குடித்தான். கருப்பட்டியில் கொஞ்சம் இரும்புச்சத்து உண்டு, வாசம் உண்டு. ஆனால் அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான், ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் புதுச் செருப்பு கடித்துக் காலில் புண். உணர்ச்சி இல்லாததால் வலிக்கவில்லை. வலிக்காததால் காட்டவில்லை. என்னிடம் வந்தபோது விரல் கறுத்துவிட்டது. முதலில் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 2013-இல் ஐம்பத்தாறு வயதில் போய்விட்டான்.

அவன் தப்பு பாதி, என் தப்பு பாதி. வருடா வருடம் சந்தித்தோம், சேர்ந்து சாப்பிட்டோம். ஒரு தடவைகூட "ரத்தம் பார்த்தியாலே?" என்று நான் கேட்கவில்லை. டாக்டரான நான் கேட்கவில்லை. அதனால்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? பயமுறுத்திவிட்டுப் போக நான் வரவில்லை. சென்னை மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வியாதியின் வாசலில் நின்றவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டு மாற்றமும் நடையும் சொல்லிக் கொடுத்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. சும்மா விட்டவர்களில் மூன்றாண்டில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான். அதாவது நூற்றில் பதினாறு பேர் தப்பித்தார்கள். நம்மவர்களிடமே, நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே நடந்த காரியம் இது.

வழி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. தோல் உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், முருங்கைக்கீரையும் பருப்பும் காயும் சேர்ந்த கூட்டாஞ்சோறு, அவியல், பயறு சுண்டல், தூத்துக்குடிக் கடற்கரையின் சாளை மீன் இதெல்லாம் வெறும் சோற்றை விடப் பல மடங்கு மேல். கம்பும் குதிரைவாலியும் நல்லதுதான். அதற்காக அதையும் மூன்று தட்டு சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. பழசெல்லாம் மருந்தும் இல்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளம் ருசி, ஆனால் உப்பு ஜாஸ்தி. நம் அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று சொல்வோம். சீனியும் நெய்யும்கூடக் காரணம்தான்! 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்ன அளவு: ஒரு நாள் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நம் இலையில் அதற்கு அர்த்தம் சுலபம். இலையில் பாதி காயும் கீரையும், மீதிப் பாதியில்தான் சோறும் பருப்பும்.

மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். முதலாவது, முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் இந்த மாதத்துக்குள் ரத்தம் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நல்லது; 100 முதல் 125 வரை எச்சரிக்கை; 126-ம் அதற்கு மேலும் என்றால் மறுபடி பார்த்து உறுதி செய்து வைத்தியத்தைத் தொடங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் பார்க்கிறார்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். இரண்டாவது, நம் சங்கம் விடுதிச் சமையற்கூடத்துக்கு உதவி செய்யட்டும். வாரம் ஒரு நாள் உளுந்தஞ்சோறு, தினம் சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். மாணவர்கள் பேக்கரிக்கு ஓடுவது பாதி குறையும். மூன்றாவது, அடுத்த வருட விழாவில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் எடை இயந்திரமும் ரத்தப் பரிசோதனை மேசையும் இருக்கட்டும். அதற்கு என் பங்கைத் தருகிறேன். ஊசி குத்தவும் நானே உட்காருகிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அறைத்தோழன் என்ன சாப்பிடுகிறான் என்று பார்த்துச் சிரிக்காதீர்கள். இருபது வருடம் கழித்துச் சந்திக்கும்போது "எப்படிலே இருக்க?" என்பதோடு நிறுத்தாமல், "ரத்தம் பார்த்தியா?" என்றும் கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

இலை போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் கை காட்டுகிறார். போய்ச் சாப்பிடுவோம். சோறு பாதியாக வாங்குங்கள். சொதியிலுள்ள காயை இரண்டாம் தடவை கேட்டு வாங்குங்கள். அல்வா ஒரே ஒரு துண்டு. நான் கடைசிப் பந்தியில் பார்த்துக்கொண்டே நிற்பேன்.