ஆலை வேளையும் பாதை நெருக்கடியும்



எட்டு மணி வேலைக்காகப் பதினொரு மணிநேரம் வீட்டைப் பிரிந்திருக்கும் பெண்கள் நம் குடும்பங்களிலும் உளர். வல்லம் வடகால், ஒரகடம் பிராந்தியத்து ஆலைகளில் ஒரு ஷிப்டார் வெளிவருங்கால் மறு ஷிப்டார் உட்புகுகின்றனர். இருசாரார் பஸ்களும் ஒரே பாதையில் நெருங்காமல் என் செய்யும்? காரியாலய உத்தியோகஸ்தர் இஷ்டப்பட்ட வேளையில் வரலாம். இயந்திர வரிசையிலோ ஒருவர் பிந்தினும் அனைவர்க்கும் வேலை தடைப்படும். ஆதலின், ஆலைக்கு ஆலை வாயில்வேளையை அரைமணி முன்பின்னாக அமைத்தலே தக்கதென்பது நம் அபிப்பிராயம்.

2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறிய மசோதாவோ, நாளொன்றுக்கு 12 மணி வரை வேலைவாங்க இடந்தந்தது. கண்டனம் எழவே மே மாதத்தில் கைவிடப்பட்டது. நாம் வேண்டிய மாற்றம் அதுவன்று!

2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்க்கென இவ்வூரில் சிப்காட் விடுதி திறக்கப்பெற்றது நன்றே. ஆயினும் வீட்டிலிருந்தே பஸ்ஸேறும் நம் பெண்களின் பொருட்டு, ஆலை நிர்வாகிகட்கு விண்ணப்பஞ் செய்யக் கருதியுள்ளோம்.