சத்தியம் யார் செய்வது?

நஞ்சுண்ட ஸ்ரீகண்டேச்வரர் சந்நிதி கொண்ட இந்த நஞ்சன்கூட்டில் ஒரு நாகத்தின் கதையைச் சொல்கிறேன்.

மைசூரில் 1929-இல் பிறந்த நம் ஏ.கே. ராமானுஜனிடம் கேட்ட கன்னட நாட்டுக் கதைகளை வைத்து, கிரீஷ் கார்னாட் 1988-இல் 'நாகமண்டல' நாடகத்தை எழுதினார். அப்பண்ணா தன் மனைவி ராணியை வீட்டில் பூட்டிவிட்டுத் தாசி வீட்டுக்குப் போகிறான். இரவில் அவன் உருவத்தில் நாகம் வருகிறது. ராணி கருவுற்றதும் பஞ்சாயத்து கூடுகிறது. புற்றுக்குள் கைவிட்டு, கணவனையும் இந்த நாகத்தையும் தவிர வேறெவரையும் தொட்டதில்லை என்று சத்தியம் செய்கிறாள். ஊருக்கு ஒரு பொருள், நாகத்துக்கு ஒரு பொருள், இரண்டிலும் பொய்யில்லை. ஊரார் அவளை அம்மனாக வணங்குகிறார்கள்.

அப்பண்ணாவைப் புற்றில் கைவைக்கச் சொன்னவர் ஒருவருமில்லை. கல்யாண வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால், இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.