கட்டிலில் வைத்துத் தாங்கினேன், காலில் பலம் போச்சு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்னு போச்சு. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

போன வருஷம் என் மாமியாருக்கு மாரடைப்பு வந்தது. ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "அத்தை, நீங்க அசையவே கூடாது"ன்னு சொல்லிட்டேன். சோறு, வெந்நீர், மாத்திரை எல்லாம் கட்டிலுக்கே போகும். தெருவில் எல்லாரும் நல்ல மருமகள் என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

மூணு மாசத்தில் அத்தையால் கையை ஊன்றாமல் எழுந்திரிக்க முடியல. வாசலைத் தாண்டினா மூச்சு வாங்கும். இதயம் இன்னும் கெட்டுப்போச்சோன்னு பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயம் முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு" என்று சொல்லி, இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த அம்மா அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணினார். மூணே தடவை. அடுத்து ஆறு நிமிஷம் நடக்க விட்டு அளந்தார். 190 மீட்டர். அதிலும் நடுவில் ரெண்டு தடவை நின்னுட்டாங்க.

அப்புறம் என்னிடம் சொன்னார்: "படுத்தே கிடந்தா தொடைச் சதை சீக்கிரம் கரைஞ்சிடும். சதை பலமா இருந்தாதான் ரத்தத்தில் வர்ற பிராணவாயுவை நல்லா எடுத்துக்கும். சதை மெலிஞ்சா சின்ன வேலைக்கும் இதயம் அதிகமா உழைக்கணும். நீங்க ஓய்வு கொடுக்கிறதா நெனச்சு அதுக்கு வேலையைக் கூட்டிட்டீங்கம்மா." எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அன்றிலிருந்து காலையும் சாயந்திரமும் நாற்காலியில் அஞ்சு தடவை எழுந்து உட்கார்வது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் தெருவில் நடப்பது. எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடணும். சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது. தலைசுற்றல், படபடப்பு, நெஞ்சு வலி வந்தால் உடனே நிறுத்தணும். உட்கார்ந்தும் வலி விடலைன்னா 108ஐ கூப்பிடணும். ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி. டாக்டரைக் கேட்காமல் யாரும் ஆரம்பிக்காதீங்க. பைபாஸ் செய்தவர்கள் மார்பெலும்பு சேரும் வரை எடை தூக்கவே கூடாது.

மறுபடியும் மூணு மாசம் கழித்து அளந்தார்கள். ஒன்பது தடவை எழுந்தார், 300 மீட்டர் நடந்தார். எக்கோவில் பெரிய மாற்றம் இல்லை. மாறினது காலின் பலம்தான்.

2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் உண்டு. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் நம்ம குழுக்களில் இருந்து போன பெண்தான். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். குழுக் கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும், இதய நோயாளி இருக்கிற வீடு எது, அவங்க நடக்கிறாங்களா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். நான் செய்த தப்பை இன்னொரு மருமகள் செய்ய வேண்டாம்.

மூணாவது வரிசையில் அத்தை உட்கார்ந்திருக்காங்க. பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்தே வந்தாங்க.